காதில் குரல் நின்ற பிறகு

2022 ஜனவரியில், மகாராஷ்டிரத்தின் காம்ஷெட்டில் ஒன்பது நாள் பாராகிளைடிங் பயிற்சியை முடித்துத் தனியாகப் பறப்பதற்கான உரிமத்துடன் திருவொற்றியூருக்குத் திரும்பியபோது, என் குறிப்பேட்டில் பதினெட்டுப் பறப்புகளும் மொத்தம் 3 மணி 20 நிமிடங்களும் பதிவாகியிருந்தன. அந்தப் பதினெட்டிலும் என் தலைக்கவசத்துக்குள் ஒரு குரல் இருந்தது. எப்போது ஓட வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த நொடியில் தலைக்கு மேல் விரிந்த துணி இறக்கையின் பின்விளிம்பைக் கீழே இழுக்கும் இரண்டு பிரேக்குகளையும் முழுவதுமாக இழுத்துக் கால் ஊன்ற வேண்டும் என்பதையெல்லாம் கீழே நின்ற பயிற்றுநர் வாக்கிடாக்கியில் சொன்னார், நான் செய்தேன். செய்ததையெல்லாம் கற்றுக்கொண்டதாக எண்ணிக்கொண்டேன்.

அந்த எண்ணம் அதே ஆண்டு டிசம்பரில் உடைந்தது. அலுவலகத்தில் ஐந்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடியும் காம்ஷெட்டுக்குச் சென்றிருந்தேன். ஒரு மாலையில் மலைச்சரிவில் மோதி மேலெழும் காற்று மிகச் சீராக இருந்ததால், நாற்பது நிமிடம் முகட்டுக்கு மேலேயே முன்னும் பின்னுமாகச் சென்று வந்தேன். இறங்க வேண்டிய வயலுக்கு வந்தபோது உயரம் அதிகமாக இருந்தது. உயரத்தைக் கரைப்பதற்காக வளைந்து வளைந்து திரும்பி, கடைசித் திருப்பத்தை மிகத் தாழ்வாக எடுத்துவிட்டேன். இறக்கையின் ஊசலாட்டம் அடங்குவதற்குள் தரை வந்துவிட, உழுது போட்டிருந்த மண்ணில் பக்கவாட்டில் விழுந்தேன். எலும்பு முறியவில்லை, ஆனால் கணுக்கால் சுளுக்கு ஆறுவதற்கு ஆறு வாரம் ஆயிற்று.

வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்த நாட்களில்தான் குறிப்பேட்டை ஒழுங்காகப் படித்தேன். மலைமுகட்டில் நாற்பது நிமிடம் நின்றால் நேரக் கணக்கில் நாற்பது நிமிடம் கூடுகிறது. கிளம்புதலிலும் இறங்குதலிலும் கூடுவதோ ஒவ்வொன்றுதான். விபத்துக்கு இடமளிப்பவை பெரும்பாலும் அந்த இரண்டும்தான். 'எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறீர்கள்?' என்று புதியவர்களிடம் எல்லோரும் கேட்கிறார்கள். 'யாரும் சொல்லாமல் நீங்களே முடிவெடுத்து எத்தனை முறை இறங்கியிருக்கிறீர்கள்?' என்று ஒருவரும் கேட்பதில்லை. என் விடை அப்போது மூன்று.

பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.ஏ.ஐ., பாராகிளைடிங் கற்றலை ஐந்து படிகளாகப் பிரித்திருக்கிறது. தரையை ஒட்டிச் சறுக்குதல், உயரத்திலிருந்து சறுக்கி இறங்குதல், காற்றின் ஒவ்வோர் அசைவுக்கும் விழிப்புடன் ஈடுகொடுத்துப் பறத்தல், எழுகாற்றில் மேலேயே நிலைத்தல், தொலைதூரம் செல்லுதல் என்பவை அவை. மூன்றாம் படியில் உள்ள விழிப்பை ஒன்பது நாளில் எந்தப் பயிற்சிப் பள்ளியாலும் ஊட்ட முடியாது. அது பள்ளியின் குற்றமும் அல்ல. உரிமம் கையில் கிடைக்கும் நாளும் கற்பிப்பவர் விலகும் நாளும் ஒன்றாக அமைந்துவிடுவதுதான் சிக்கல். பிரிட்டனில் இந்த இடைவெளிக்காகவே கிளப் கோச் என்றொரு ஏற்பாடு இருக்கிறது. அனுபவமுள்ள பைலட் ஒருவர், ஊதியம் வாங்காமல், மலையில் புதியவர்களுக்குத் துணைநின்று வழிகாட்டுகிறார். அடிப்படைப் பாடம் எடுப்பது அவர் வேலை அல்ல. உரிமம் பெற்றவர் வளர்வதற்குத் துணை நிற்பதே அவர் வேலை.

எனக்கு அப்படி ஒருவர் கிடைத்தது நல்வாய்ப்பு. துறைமுகத்தில் கிரேன் இயக்குநராக இருந்து ஓய்வுபெற்றவர், தண்டையார்பேட்டையில் வசிப்பவர், பதினான்கு ஆண்டுகளாகப் பறப்பவர். அறிமுகமான நாள் முதல் அவரை அண்ணன் என்றே அழைக்கிறேன். காற்றுமானி எச்சரிக்கை கொடுத்தால் கிரேனை நிறுத்திக் கட்டிவிட்டு இறங்குவதைத் தம் பணிக்காலம் முழுவதும் யாருடைய நெருக்குதலுக்காகவும் தள்ளிப்போட்டதில்லை என்று அவர் ஒருமுறை சொன்னார். அவரிடம் நான் கற்றவற்றில் பாதி அந்தப் பழக்கத்திலிருந்து வந்ததுதான்.

2023 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரிடமிருந்த பழைய பாராகிளைடரைத் தூக்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் எண்ணூருக்குப் போனோம். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வடசென்னை பறப்பதற்கான இடமே அல்ல. மலை இல்லை, சுற்றிலும் துறைமுகங்களும் மின்நிலையங்களும் உயரழுத்தக் கம்பிகளும் இருக்கின்றன, போதாததற்குப் பெரிய விமான நிலையம் ஒன்று உள்ள நகரம் இது. கடற்கரையில் இறக்கையைத் தலைக்கு மேலே நிறுத்திக் கையாளும் தரைப் பயிற்சி மட்டுமே எங்கள் நோக்கம். கால் தரையை விட்டு எழக் கூடாது என்பது முதல் நாளிலிருந்தே விதி.

பயிற்சிக்கு முன் அண்ணன் மீனவர் குப்பத்துப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டார். காயவைத்த வலைகளும் படகுகளை இழுக்கும் கயிறுகளும் கிடக்கும் இடத்தில் நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகள் தொங்கும் ஒரு துணியை விரிப்பது அவர்களுக்கும் இடைஞ்சல், நமக்கும் ஆபத்து. எந்தப் பக்கம் வலை இல்லை, எத்தனை மணிக்குப் படகுகள் கரையேறும் என்பதைக் கேட்டறிந்த பிறகே பையைத் திறந்தோம். எங்கள் கடற்கரையின் பெரும்பகுதியில் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். இறக்கை இழுத்துக்கொண்டு போனால் அந்தக் கல்லில்தான் மோதுவோம் என்பதால், காற்று போகும் திசையில் நூறு மீட்டராவது வெறும் மணலாக உள்ள இடத்தைத் தேடிப் பிடித்தோம்.

கோடையின் தொடக்கத்தில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கரையேறும். கடல்பரப்பின் மீது தடையின்றி வருவதால் அதில் குலுக்கல் குறைவு. புதியவர்களுக்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. ஜூனுக்குப் பிறகு மேற்கிலிருந்து வீசும் காற்று வலுத்தால் கடற்காற்று தாமதமாகும், சில நாட்களில் வராமலே போகும். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் இறக்கையை விரிப்பது கடலுக்குள் நம்மை இழுத்துச் செல்ல இடம் கொடுப்பதாகும். அதனால் காற்று கடலிலிருந்து வராத நாளில் பையைத் திறக்க மாட்டோம். மணிக்கு 18 கிலோமீட்டரைத் தாண்டினாலும் திறக்க மாட்டோம். தலைக்கவசமும் கையுறையும் அணியாமல், பறப்பவரை இறக்கையுடன் இணைக்கும் ஹார்னஸை மாட்டுவதில்லை. முதல் சில வாரங்களில் பின்னால் ஒருவர் என் ஹார்னஸைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் இறக்கையைத் தூக்கி நிறுத்தியதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் என் முகத்தைக் கடலின் பக்கம் திருப்பச் சொன்னார். "மேல பாக்காதம்மா. அது எங்க இருக்குன்னு உன் கை சொல்லணும்." இரண்டு பிரேக்குகளிலும் லேசான இழுவிசை இருந்துகொண்டே இருக்க வேண்டும், இடப்பக்கம் அது மெலிந்தால் இறக்கையின் இடப்பக்கம் காற்றை இழக்கிறது, அதை உணர்ந்த கணமே அந்தப் பிரேக்கைக் கொஞ்சம் இழுத்து, இழுவிசை திரும்பியதும் விட வேண்டும். வானத்தில் இறக்கை மடங்குவதற்கு முன் வரும் செய்தியும் இதுதான். ஆனால் அங்கே அச்சத்தில் கை விறைத்துப்போகும். மணலில் அச்சமில்லாததால் கை கேட்கக் கற்றுக்கொள்கிறது. ஐந்து நிமிடம் மேலே பார்க்காமல் இறக்கையை நிறுத்த எனக்கு ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் தேவைப்பட்டன.

அதன் பிறகு அண்ணன் வேண்டுமென்றே ஒரு பக்கத்து முன்ரைசரின் (இறக்கையின் இழைகளை ஹார்னஸுடன் இணைக்கும் முன்பட்டையின்) வெளியோர இழையைப் பிடித்து இழுத்து, பாதி இறக்கையை மடக்குவார். மடங்காத பக்கம் என்னைச் சுழற்றாதபடி, முதலில் உடல் எடையை அந்தப் பக்கம் சாய்த்துத் திசையைக் காக்க வேண்டும். மடங்கிய பக்கத்தைத் திறப்பது அதற்கு அடுத்தது. இந்த வரிசையைப் புத்தகத்தில் படித்துத் தேர்வில் சரியாக எழுதியிருந்தேன். மணலில் முதல் பத்து முறையும் தலைகீழாகவே செய்தேன். காற்று திடீரென வலுத்துப் பின்னுக்கு இழுத்தால், எதிர்த்து நின்று மல்லுக்கட்டாமல் இறக்கையை நோக்கி ஓடிப் பின்ரைசர்களை இழுத்து அதை வீழ்த்த வேண்டும். அதையும் சொல்லிப் புரியவில்லை. இரண்டு முறை மணலில் இழுபட்டபோதுதான் உடம்பு புரிந்துகொண்டது.

காற்றைப் படிப்பதற்கு அங்கே வேறு ஆசிரியர்களும் இருந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு முதியவர், எங்கள் தடுமாற்றத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "தண்ணி மேல கருப்பா ஒண்ணு ஓடியாருது பாரும்மா, அது வந்து சேர்றதுக்குள்ள துணிய எறக்கு" என்றார். வலுத்த காற்று நீர்ப்பரப்பைச் சிறுசிறு அலைகளாகச் சுருக்குவதால் அந்த இடம் கருத்துத் தெரிகிறது. அரை நிமிடத்துக்கு முன்பே காற்றின் வருகையைக் காணலாம் என்பதை அவரிடம் கற்ற பிறகு, காம்ஷெட்டில் பவனா அணை நீரையும் நாணல் புதர்களையும் அதே கண்ணால் பார்க்கிறேன். நங்கூரமிட்ட கப்பல்கள் எந்தப் பக்கம் முகம் திருப்பி நிற்கின்றன என்று பார்ப்பதும் பழக்கமாயிற்று; ஆனால் நீரோட்டமும் கப்பலைத் திருப்பும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்டது மின்நிலையப் புகைபோக்கிகள்தாம். மணலில் காற்று கடலிலிருந்து வீசிக்கொண்டிருக்கும்போதே, உயரத்தில் புகை கடலை நோக்கிச் சாய்ந்து செல்வதைச் சில பிற்பகல்களில் கண்டோம். கீழே ஒரு காற்று, மேலே எதிர்க்காற்று; இரண்டும் உரசும் அடுக்கில் பறப்பவருக்கு என்ன நேரும் என்பதை அண்ணன் மணலில் கோடு கிழித்து விளக்கினார்.

2023 நவம்பரில் நாங்கள் நால்வர் அண்ணனுடன் காம்ஷெட்டுக்குப் போனோம். மலையில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இப்போ போற பறப்புல என்னம்மா செய்யப் போற?" என்பது. "பறக்கப் போறேண்ணா" என்றேன். அது விடையாகாது என்று சொல்லி, என்னை உட்காரவைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து நானே ஒரு விடையுடன் போனேன்: இறங்கும் வயலை எந்த உயரத்தில் அடைகிறேன் என்பதைக் கவனித்து, கடைசித் திருப்பத்தை மரங்களின் உயரத்துக்கு மேலேயே முடிக்கப் போகிறேன். தலையசைத்தார். அந்தப் பயணம் முழுவதும், ஒரு பறப்புக்கு ஒரே பணி என்பதுதான் ஏற்பாடு. இரண்டாவது பணியைச் சேர்க்க நான் ஆசைப்பட்டபோதெல்லாம் மறுத்தார். பணி எளிதாகவும் இருக்கலாம். ஆனால் செய்தேனா இல்லையா என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். 'நன்றாகத் திரும்புவது' பணி ஆகாது. 'பிரேக்கைத் தொடாமல் உடல் எடையால் மட்டும் இடமும் வலமும் நான்கு முறை திரும்புவது' பணி ஆகும்.

என் பலவீனமான இறங்குதலுக்கு அவர் கொடுத்த வழி எளியது. இறுதி நேர்கோட்டில் வரும்போது வயலில் பல புள்ளிகளைப் பார்க்க வேண்டும். சில புள்ளிகள் பார்வையில் மேல்நோக்கி ஏறும். அவற்றை நாம் எட்ட மாட்டோம். சில கீழ்நோக்கி இறங்கி நம் காலடியில் மறையும். அவற்றைத் தாண்டிப் போய்விடுவோம். ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் ஒரு புள்ளிதான் நாம் தொடப்போகும் இடம். தரைக்கு அருகில் காற்றின் வேகம் குறைவதால், அங்கே இறக்கையின் வேகத்தைக் காக்கக் கைகளை உயர்த்தி வைத்திருக்க வேண்டும் என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். நானோ தரையைக் கண்டதும் அச்சத்தில் பிரேக்கை இழுத்துவந்தேன். பதினோரு இறக்கங்களில், குறியாக வைத்த என் பைக்கு இருபது மீட்டருக்குள் இறங்கியவை முதல் ஐந்தில் ஒன்று, கடைசி ஆறில் நான்கு.

வாக்கிடாக்கி எங்களிடம் இருந்தது. ஆனால் ஆபத்து என்றால் மட்டுமே பேசுவது, பேசினால் முதலில் பெயரைச் சொல்லிப் பிறகு ஒரே கட்டளையைச் சொல்வது, கேட்டவர் கால்களை உதைத்துக் காட்டி ஒப்புக்கொள்வது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம். மூன்று நாளில் என்னிடம் அவர் ஒரே ஒரு முறைதான் பேசினார். எதிரே வந்த பைலட்டுக்கு மலை வலப்பக்கம் இருந்ததால் வழி அவருக்கே உரியது, நான் மலையை விட்டு வலப்பக்கம் விலக வேண்டும் என்பதற்காக. மற்ற நேரங்களில் என் தவறுகளைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருப்பது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. அந்த மௌனத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். கிளம்பும் இடத்தில் மூத்தவர்கள் நான்கு பேர் நான்கு விதமாக அறிவுரை சொல்வதையும், நடுவில் நிற்கும் புதியவர் குழம்பியபடியே ஓடத் தொடங்குவதையும் பல மலைகளில் பார்த்திருக்கிறேன். நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் கேடு விளைவிக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளில் வழிகாட்டி ஒருவரே இருக்க வேண்டும்.

இறங்கியதும் இறக்கையை மடிக்கும் முன்பே பறப்பைப் பற்றிப் பேசுவோம். அண்ணன் தீர்ப்புச் சொல்ல மாட்டார், கேட்பார். 'வயலுக்கு வந்தப்போ எவ்வளவு உயரத்துல இருந்தே? எதை வெச்சுச் சொல்ற? வேற என்ன செஞ்சிருக்கலாம்?' பிறகே கைப்பேசியில் எடுத்த காணொளியைக் காட்டுவார். நான் நினைத்த உயரமும் காணொளியில் உள்ள உயரமும் முதல் நாளில் ஏறத்தாழ இருமடங்கு வேறுபட்டன. குறிப்பேட்டில் இப்போது நாள், இடம், காற்று, நேரம் ஆகியவற்றுடன் பணி என்ன, செய்தேனா, மாற்ற வேண்டியது என்ன என்ற மூன்றையும் எழுதுகிறேன்.

பறக்காத நாட்களையும் எழுதச் சொன்னார். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்வதால், மணிக்கு 20 கிலோமீட்டர் 28 ஆனாலே இறக்கையை இழுக்கும் விசை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பாராகிளைடரின் இயல்பு வேகமோ ஏறத்தாழ 36 முதல் 38 கிலோமீட்டர்தான். காற்று 30ஐ எட்டிவிட்டால் முன்னேற மிஞ்சுவது மிகச் சிறிது. கடைசி நாள் காலையில் காற்று 26 வரை வீசியது. மற்றவர்கள் பறந்துகொண்டிருந்தார்கள்; ஒரு நாள் ரயில் பயணம் செய்து வந்த நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அந்தப் பக்கத்தில் 'பறக்கவில்லை, காற்று 26, முடிவு என்னுடையது' என்று எழுதினேன். அண்ணன் அந்தக் கடைசிச் சொற்களை அடிக்கோடிட்டார்.

2024 அக்டோபரில் இமாச்சலப் பிரதேசத்தின் பீர்-பில்லிங்குக்குப் போனபோது, இந்த ஏற்பாட்டின் எல்லைகளும் தெரிந்தன. பில்லிங் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2015இல் இந்தியாவில் முதன்முறையாகப் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இடம் அது. தெர்மல் எனப்படும் சூடான எழுகாற்று அங்கே எண்ணூர்க் கடற்காற்றைப் போல் சீராக வராது. உள்ளே நுழையும்போதே உதறும். தெர்மலில் முதலில் சுற்றத் தொடங்கியவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ, பின்னால் வருபவர்களும் அந்தப் பக்கமே சுற்ற வேண்டும் என்பதை அங்குள்ள நெரிசலில் ஒவ்வொரு நொடியும் நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது. என் பணி, ஒரு தெர்மலில் நான்கு முழுச் சுற்றுகளை முடித்துவிட்டு, இறங்குமிடத்தைப் பார்வையிலிருந்து தவறவிடாமல் திரும்புவது. உடன் வந்த நண்பர் தர்மசாலா வரை செல்லும் திட்டத்தைப் பேசத் தொடங்கியிருந்தார். ஐம்பது மணி நேரத்தை நெருங்குபவர்களுக்குக் கைத்திறனைவிடத் துணிச்சல் வேகமாக வளர்வதை அண்ணன் பலமுறை கண்டிருக்கிறார். அந்தப் பேச்சை அவர் மெல்லத் திசைதிருப்பினார். புதியவர்களுக்கான ஏ வகுப்பு இறக்கையை விட்டுவிட்டு வேகமான இறக்கைக்கு மாற விரும்புபவர்களுக்கும் அவர் சொல்வது ஒன்றே: நூறு மணி நேரம் வரை பொறுங்கள். எனக்கும் அதில் முழு உடன்பாடு.

அவரால் முடியாதவற்றை அவரே வெளிப்படையாகச் சொன்னார். இறக்கையை வானத்தில் வேண்டுமென்றே மடக்கியும் நிலைகுலையச் செய்தும் மீட்கப் பழகும் எஸ்.ஐ.வி. பயிற்சியை, நீர்ப்பரப்பின் மீது, மீட்புப் படகு காத்திருக்க, தகுதி பெற்ற பயிற்றுநரிடம் மட்டுமே எடுக்க வேண்டும். ரிசர்வ் பாராசூட்டை மறுமடிப்புச் செய்வதைக் கற்றறிந்தவரிடம் கொடுக்க வேண்டும். துணைநிற்பவர் பயிற்றுநரின் இடத்தை எடுத்துக்கொள்ளத் தொடங்கினால் புதியவர் ஏமாற்றப்படுகிறார் என்பது அவர் கருத்து.

இந்த ஆண்டு கொடுங்கையூரிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் புதிதாக உரிமம் பெற்ற இருவர் ஞாயிறு பயிற்சிக்கு வருகிறார்கள். ஹார்னஸைப் பின்னால் பிடிக்கும் வேலை இப்போது என்னுடையது. கடற்கரைக்குப் பழைய இறக்கையை மட்டுமே கொண்டுபோகிறோம். மணல் துணியை அரிக்கும், உப்பு லைன்களைக் கெடுக்கும், அந்த இறக்கை இனி வானத்துக்குப் போகாது. காற்று அடங்கியதும் இறக்கையைத் தலைகீழாகப் பிடித்து, ஒவ்வோர் அறையாக உதறிப் பின்விளிம்பில் தேங்கிய மணலைக் கொட்டுவதற்கு நால்வருக்கு அரை மணி நேரம் பிடிக்கிறது. போன வாரம் அப்படி உதறிக்கொண்டிருக்கும்போது, வியாசர்பாடித் தம்பி தன் முதல் தனிப் பறப்பில் இறங்கும் வயலைத் தவறவிட்டதை முதன்முறையாகச் சொன்னான். எவ்வளவு உயரத்தில் இருந்தான் என்று கேட்டேன்.